கட்டைக்கு அடியில் குடியிருப்பவள்

கோஸ்டாரிக்கா போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிவப்புக் கண் மரத்தவளை, ஸ்லாத், டூக்கான் என்று போன் நிறையப் படம் வைத்திருப்பார்கள். என் போனிலும் அதெல்லாம் இருக்கிறது. ஆனால் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது வேறொரு படம். மங்கல், பாதி இருட்டு. ஈரக் கட்டை ஒன்று, அதன் அடியில் போய்க்கொண்டிருக்கும் ஒரு கறுத்த வால், அவ்வளவுதான் தெரியும். அந்த வாலுக்குச் சொந்தக்காரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அக்காவும் அத்தானும் சான் ஹோசேயில் இருக்கிறார்கள். போன வருடம் மூன்று வாரம் அவர்களோடு இருந்தேன். அதில் இரண்டு இரவு சரப்பிக்கியில். நாட்டின் வடகிழக்கே, கரீபியக் கடலை நோக்கிச் சரியும் தாழ்நிலக் காடு. லா செல்வா ஆராய்ச்சி நிலையம் இருப்பது அங்கேதான். வெப்பமண்டலக் காட்டைப் படிக்கிறவர்களுக்கு அது காசி மாதிரி. சுமார் 1,600 ஹெக்டேர் காடு, வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை. நான் திருநெல்வேலிக்காரி. மழை என்றால் ஐப்பசி கார்த்திகையில் வந்துவிட்டுப் போகும் விருந்தாளி என்று நினைத்து வளர்ந்தவள். அங்கே மழை நின்றால்தான் வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறார்கள்.

இரவு நடைக்கு ஏழரை மணிக்குக் கிளம்பினோம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் விளக்கு. வழிகாட்டி அந்த ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். தவளை எல்லாம் பார்த்து முடித்துத் திரும்பும்போது பாதையோரம் ஒரு மக்கிப்போன கட்டை. கையிலிருந்த கொக்கியை அதன் அடியில் கொடுத்து, கட்டையைத் தன் பக்கமாகப் புரட்டினார். எதிர்ப்பக்கம் தூக்கக் கூடாது, அடியில் பாம்பு இருந்தால் அது ஓடிவரும் வழியில் நம் கால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். கரையான், ஒரு பூரான், வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல். நடுவில் அது.

கைவிரலைவிடக் கொஞ்சம் நீளமான உடம்பு, அதே அளவுக்கு வால். கறுப்பும் பழுப்பும் கலந்த நிறத்தில், யாரோ மஞ்சள் குழம்பு தொட்டு வைத்தது போலப் பக்கவாட்டில் புள்ளிகள். முதுகில் மணல் ஒட்டியது போல நுண்ணிய செதில்கள், நடுநடுவே பெரிய முடிச்சுகள் வரிசையாக. வாலில் வளையம் வளையமாக முள் போன்ற செதில். எனக்கு ஆச்சரியம் வேறு. அது ஓடவில்லை. எங்கள் ஊரில் ஓணானோ பல்லியோ, விளக்கு போட்ட மறுகணம் மறைந்துவிடும். இது தலையை லேசாக ஒருபக்கம் சாய்த்து அப்படியே இருந்தது. கூரையைப் பிய்த்துவிட்டார்களே, சரி, திரும்ப மூடுவார்கள் என்று காத்திருப்பவளைப் போல. பிறகு நாக்கை நீட்டி, நிதானமாக, தன் கண்ணை ஒரு முறை துடைத்துக்கொண்டது.

மூடும்போது வழிகாட்டி செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கையால் மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தார். கட்டையை முதலில் பழைய பள்ளத்திலேயே உட்கார வைத்தார். அப்புறம்தான் அதை விளிம்பில் விட்டார். தானே உள்ளே நடந்து போனது. மேலே கட்டையைப் போட்டால் நசுங்கிவிடும் என்றார். நான் எடுத்த படம் அந்தக் கடைசி நொடிதான்.

"பல்லியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தே?" என்றார் அத்தான்.

"இது பல்லி இல்ல அத்தான்" என்றேன். அப்போது அது வெறும் வீம்பு. திரும்பி வந்து படித்தபோதுதான் நான் சொன்னது சரி என்று தெரிந்தது.

ஆங்கிலத்தில் இதைச் சொல்வதைத் தமிழாக்கினால் 'மஞ்சள்புள்ளி வெப்பமண்டல இரவுப் பல்லி'. அறிவியல் பெயர் லெபிடோஃபைமா ஃபிளாவிமாகுலேட்டம். பிரெஞ்சு விலங்கியலாளர் அகஸ்த் துமேரில் 1851இல் வைத்தது. லெபிடோஃபைமா என்றால் செதிலில் கட்டி புறப்பட்டது போன்றது என்று பொருள். முதுகில் இருக்கும் அந்த முடிச்சுகளைச் சொல்கிறார். 'இரவுப் பல்லி'யில் இரண்டு சொல்லிலும் கோளாறு. இரவில்தான் நடமாடும் என்று இல்லை. இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் பகலிலும் சுறுசுறுப்பாகவே இருக்கும். ஆனால் கட்டைக்கும் பாறைக்கும் அடியில் இருக்கும். வெளியே வராதவரைப் பகலில் தூங்குகிறார் என்று ஊர் பேசுமே, அந்தக் கதை.

பல்லி என்பதும் தப்பு. கண்ணைப் பார்த்தால் பல்லி என்று தோன்றும்தான். இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி போட்டது போல ஒளி ஊடுருவும் செதில் மூடியிருக்கும். இமைக்க முடியாததால் நாக்கால் துடைத்துக்கொள்ளும். இது அத்தனையும் நம் வீட்டுச் சுவர்ப் பல்லியிடமும் உண்டு. அதனால்தான் ஒரு காலத்தில் அறிஞர்களே இவற்றைப் பல்லிகளுக்கு நெருங்கியவை என்று நினைத்தார்கள். உடற்கூறும் மரபணுவும் சொல்வது வேறு: இவற்றின் உறவு அரணையோடும், ஆப்பிரிக்காவில் இருக்கும் முள்வால் கொண்ட சில ஓணான் போன்ற பிராணிகளோடும். கண் பல்லியினுடையது, ரத்தம் அரணையினுடையது.

தமிழில் இன்னொரு தொல்லை. நம்மிடம் பல்லி உண்டு, அரணை உண்டு, ஓணான், உடும்பு, பச்சோந்தி எல்லாம் தனித்தனியாக உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒற்றைச் சொல் பேச்சில் கிடையாது. பாடப்புத்தகம் 'பல்லியினம்' என்று எழுதிச் சமாளிக்கிறது. உறவு தெரிந்துவிட்ட பிறகு நான் இதை 'இராவரணை' என்று கூப்பிட ஆரம்பித்தேன். இராவணனுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கிறது என்று அக்கா கிண்டல் செய்தாள். இருக்கட்டும்.

எங்கள் ஆச்சி அரணையைக் கண்டால் நடுங்குவாள். அரணை நக்கினால் மரணம் என்பது அவள் வேதம். கூடவே இன்னொன்றும் சொல்வாள்: அரணை கடிக்கத்தான் வரும், கிட்டே வந்ததும் எதற்கு வந்தோம் என்று மறந்துவிடும், அதனால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். அரணைக்கு விஷமே இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். இராவரணைக்கும் விஷம் கிடையாது. அது தின்பது பூச்சி, சிலந்தி, பூரான் மாதிரியானவை.

இந்தக் குடும்பத்தின் பெயர் சான்டூசிடே. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சுவாரசியமான பேர்வழி. யானோஷ் சாந்துஷ், ஹங்கேரிக்காரர். அங்கே நடந்த புரட்சி தோற்றதும் 1851இல் அமெரிக்காவுக்கு வந்தார். வேறு பெயரில் ராணுவத்தில் சேர்ந்தார். கலிபோர்னியாவின் டெஹோன் கோட்டையில் இருந்தபடி ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பேர்டு என்பவருக்குப் பெட்டி பெட்டியாகப் பறவை, பாம்பு, பூச்சி எல்லாம் பிடித்து அனுப்பினார். அதில் வந்த ஒரு சின்னப் பிராணிக்குத்தான் பேர்டு 'சான்டூசியா' என்று பெயர் வைத்தார். ஊருக்கு எழுதிய கடிதங்களில் மனிதர் அள்ளிவிட்ட புளுகுகள் பிரசித்தம். அடுத்தவர்களின் பயணக் குறிப்புகளைத் தன் பெயரில் போட்டுக்கொண்டதும் உண்டு. பிறகு ஊர் திரும்பி புதாபெஸ்ட் மிருகக்காட்சி சாலையின் முதல் இயக்குநர் ஆனார். உலகம் சுற்றிய ஒரு புளுகரின் பெயர், இருந்த இடத்தைவிட்டு அசையாத பிராணிக்கு.

அசையாதது என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் கலிபோர்னிய இனத்தை வெகு நாள் வரை மிக அரிதானது என்று நினைத்திருந்தார்கள். பாலைவனத்தில் விழுந்து கிடக்கும் யுக்கா கட்டைகளைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் ஊர்ப்பட்டது இருக்கிறது என்று தெரிந்தது. பிற்பாடு நடந்த ஆய்வில், ஒரே கட்டைக்கு அடியில் தாய், தகப்பன், வெவ்வேறு வருடத்துக் குட்டிகள் என்று குடும்பமாக இருப்பதும் தெரியவந்தது. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான். முட்டை இல்லை, குட்டியே போடும். அந்தக் குட்டி வளர்ந்து பெரிதாக இரண்டு மூன்று வருடம் ஆகும். இவ்வளவு சிறிய உடம்புக்கு இது ரொம்ப நிதானமான கணக்கு. உடம்புக்குள் எரியும் அடுப்பும் சிறியது. வில்லியம் மாட்ஸ் என்பவர் எழுபதுகளில் இவற்றின் வளர்சிதை வேகத்தை அளந்தார். இதே எடையுள்ள மற்றவற்றை ஒப்பிட்டால் இவை செலவழிப்பது மிகக் குறைவு. சிக்கனக் குடும்பம். கூடத்தில் ஒரே ஒரு விளக்கு எரியும் வீடு.

சரி, இவை எங்கெங்கே இருக்கின்றன? குடும்பத்தில் மூன்று கிளை. சான்டூசியா, அமெரிக்காவின் தென்மேற்கிலும் வடமேற்கு மெக்சிகோவிலும். கிரிகோசாரா, கியூபாவின் கிழக்குப் பகுதியில் கபோ குரூஸ் முனையைச் சுற்றி, ஒரே ஒரு இனம். குடும்பத்திலேயே முட்டையிடுவது அது மட்டும்தான். மூன்றாவது நம் ஆள், லெபிடோஃபைமா. மெக்சிகோவின் தமவுலிபாஸ் மாநிலத்தில் தொடங்கி மத்திய அமெரிக்கா நெடுக இறங்கிப் பனாமாவில் முடிகிறது. சுமார் இருபது இனங்கள், பெரும்பாலும் மெக்சிகோவில்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மஞ்சள்புள்ளிக்காரி ஒருத்திதான் தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை ஊரெல்லாம் சொத்து வைத்திருக்கிறாள். மற்றவை பலதும் ஒரு மலை, ஒரு பள்ளத்தாக்கு, ஒரு குகைத் தொகுதி என்று சுருங்கிக் கிடக்கும். கெய்ஜியே என்கிற இனம் கேரேத்தரோ, இடால்கோ மாநிலங்களின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில். மைக்ரோஃபோலிஸ் தமவுலிபாஸ் பக்கத்துக் குகைகளில். அதை முதலில் கண்டது எல் பாச்சோன் குகையில், கண்ணில்லாத மீன்களுக்குப் பேர்போன அதே குகை. துக்ஸ்த்லே, வெராகுருஸின் லோஸ் துக்ஸ்த்லாஸ் எரிமலைக் காட்டில். அந்தக் காட்டில் பெரும்பகுதி மாட்டுக்கு மேய்ச்சல் நிலமாகிவிட்டது. நிழலும் ஈரமும் போனால், நடந்து அடுத்த காட்டுக்குப் போகிற ஜாதி இல்லை இது. நடுவில் வெயில் காயும் சமவெளி ஒன்று குறுக்கிட்டாலே போதும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆயிரமாயிரம் வருடங்களுக்குப் பேச்சுவார்த்தை நின்று, வேறு வேறு இனமாகிவிடும். 2008, 2010, 2018 என்று இன்னமும் புதுசு புதுசாக மெக்சிகோ மலைகளில் இருந்து விவரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த பெயர் டொன்தோமாசி. வஹாகா மலைகளில் செடி சேகரித்துத் திரிந்த தாமஸ் மக்டூகல் என்பவரை உள்ளூர்க்காரர்கள் 'தோன் தோமாஸ்' என்பார்களாம், நாம் தாமஸ் ஐயா என்பது போல. பாசத்தில் கூப்பிட்ட அந்தப் பெயரே லத்தீன் வால் ஒட்டிக்கொண்டு அறிவியல் பெயராகிவிட்டது.

பிடித்த வாழ்க்கை என்றால் ஸ்மித்தியினுடையது. மெக்சிகோவின் பசிபிக் பக்கம் கெரேரோ மாநிலத்தில் குகைகளுக்குள் இருக்கும் கூட்டம் ஒன்று. குகைக்குள் பூச்சியைத் துரத்திப் பிடிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வயிற்றைப் பார்த்தால் அத்திப்பழம். மேலே காட்டத்தி காய்க்கிறது, பழம் உள்ளே விழுகிறது. கீழே இருட்டில் இது எடுத்துத் தின்கிறது. வாசலுக்குப் போகக்கூட வேண்டாம், சாப்பாடு மேலிருந்து விழுகிறது.

இனி நான் இந்தப் பிராணியிடம் முழுதாக விழுந்த இடம். அன்று இரவு வழிகாட்டியிடம், இது ஆணா பெண்ணா என்று கேட்டேன். "எங்கள் பக்கத்தில் பெண் என்று பந்தயம் கட்டினால் தோற்க மாட்டீர்கள்" என்று சிரித்தார். சும்மா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

வேடிக்கை இல்லை. மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் மஞ்சள்புள்ளிக்காரியின் கூட்டத்தில் ஆணும் பெண்ணும் உண்டு. தெற்கே வரவர, கோஸ்டாரிக்காவிலும் பனாமாவிலும் பல இடங்களில் பெண்கள் மட்டும். பனாமாவில் ஆணே இல்லாத ஒரு கூட்டத்தைப் பற்றி 1970இலேயே எழுதிவிட்டார்கள். கோஸ்டாரிக்காவில் ரெட்டிகுலேட்டம் என்று இன்னொரு இனம், அதிலும் பெண்களே. தாய் தானாகவே கருவுற்று மகளைப் பெறுகிறாள். மகள் தன் மகளைப் பெறுகிறாள். ஆச்சி, அம்மா, மகள், பேத்தி. வரன் பார்க்கும் தொல்லையே கிடையாது.

ஆணில்லாத பல்லியினங்கள் வேறும் உண்டு. வட அமெரிக்காவின் சாட்டைவால் ஓணான்கள், காக்கசஸ் மலைகளின் பாறைப் பல்லிகள். ஆனால் அவை அநேகமாக எல்லாமே கலப்பில் பிறந்தவை: இரண்டு வெவ்வேறு இனங்கள் கூடி, அதில் பிறந்த பெண் குட்டி ஆண் துணை இல்லாமல் பெருகத் தொடங்கிய கதை. அதனால் ஆணின்றிப் பெருக வேண்டுமென்றால் முதலில் கலப்பு நடந்திருக்க வேண்டும் என்று கிட்டத்தட்ட விதியாகவே வைத்திருந்தார்கள். லெபிடோஃபைமாவைத் தன் வாழ்நாளெல்லாம் படித்தவர் ராபர்ட் பெஸி. அவரும் கூட்டாளிகளும் இவற்றின் டிஎன்ஏவைப் பார்த்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு இனங்கள் கலந்த தடயமே இல்லை. யாரோடும் கலக்காமல், தன் இனத்துக்குள்ளேயே, ஆணைக் கைவிட்டிருக்கிறது. இயற்கையில் வாழும் முதுகெலும்பிகளில் இதற்கு இது அபூர்வமான சாட்சி.

2020இல் இன்னொன்று வந்தது. ப்ராக் நகரத்து ஆய்வாளர்கள் கூண்டில் வளர்த்த ஸ்மித்தி, அதே அத்திப்பழக்காரிகள். இந்த இனத்தில் ஆண் உண்டு. கூண்டிலும் ஆண் இருந்தது. வழக்கம்போலக் குட்டி பிறக்கிறது என்றுதான் யாரும் எண்ணியிருப்பார்கள். மரபணுவைச் சோதித்தால் தகப்பனின் பங்கு இல்லாத குட்டிகள்! தாயிடம் இரண்டு விதமாக இருந்த மரபுக் குறிகள் குட்டியிடம் ஒரே விதமாக மடிந்திருந்தன. அதாவது தாயின் கருமுட்டை, தன்னிலிருந்தே பிரிந்த இன்னொரு பாதியோடு சேர்ந்துகொண்டது போல. அப்படிப் பிறந்ததில் பெண்ணும் இருந்தது, ஆணும் இருந்தது. பக்கத்தில் ஆண் நின்றால் அவன்தான் அப்பா என்று நாம் எழுதி வைத்துக்கொள்கிறோம். எத்தனை இனங்களில் இப்படி ஏமாந்திருக்கிறோமோ.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுப் பூந்தொட்டி நினைவு வந்தது. மழைக்காலத்தில் தொட்டியை நகர்த்தினால் அடியில் மண்புழு மாதிரி கறுப்பாக, பளபளப்பாக ஒன்று வேகமாக நெளியுமே, புழுப்பாம்பு. காதுக்குள் போய்விடும் என்று அம்மா உப்பைத் தேடுவாள். அதுவும் முழுக்கப் பெண்களே. உலகம் முழுதும் இதுவரை ஆண் உறுதியாகக் கிடைக்காத பாம்பு. ஒரே ஒரு பெண், ஒரு தொட்டி மண்ணோடு கப்பலேறினால் போதும், போன இடத்தில் வம்சம் பெருகிவிடும். அப்படியே உலகைச் சுற்றிவிட்டது, மெக்சிகோவிலும் இருக்கிறது. இராவரணையிடமும் அதே வரம் இருக்கிறது. தனியாக ஒருத்தி போனால் போதும். ஆனால் அவள் போகவில்லை.

போகாததால் கெட்டும் போகவில்லை. இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 6.6 கோடி வருடங்களுக்கு முன்னால் டைனோசர்களை முடித்துவைத்த விண்கல் விழுந்த இடம் மெக்சிகோவின் யுகதான், சிக்சுலூப். பள்ளத்தின் குறுக்களவு ஏறக்குறைய 180 கிலோமீட்டர். இராவரணைகளின் பூர்வீக வீட்டுவாசல் அதுதான். 2025 ஜூனில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, இந்தக் குடும்பத்தின் மூதாதை அந்த மோதலுக்கு முன்பே, 9 கோடி வருடங்களுக்கும் முன்னால், தோன்றிவிட்டதாகக் கணக்கிடுகிறது. குறைந்தது இரண்டு கிளைகள் மோதலைத் தாண்டி வந்திருக்கின்றன. தப்பித்தபின் வேறெங்கும் பரவாமல் அதே வட்டாரத்திலேயே இன்றுவரை குடியிருக்கின்றன. பேரழிவில் தப்புவது நிறையப் பெற்று வேகமாகப் பெருகுபவை என்பதுதான் பொதுவான நினைப்பு. இவை அப்போதே ஒன்றிரண்டு குட்டி போட்டவையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பாறை இடுக்கு, மெதுவாக எரியும் உடம்பு, நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும் பொறுமை. வெளியே உலகம் எரிந்தபோது கதவைத் தாளிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த கூட்டம் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். அறிவியல் கட்டுரையில் இப்படியெல்லாம் எழுத முடியாது, வலைப்பதிவில் எழுதலாம்.

அன்றிரவு அறைக்குத் திரும்பி, பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வராந்தாவில் மூவரும் உட்கார்ந்தோம். அக்கா பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினாள். குழல் விளக்கைச் சுற்றி ஈசல். சுவரில் 'ட்ச்சு ட்ச்சு ட்ச்சு' என்று சத்தம். நிமிர்ந்து பார்த்தால் நம்மூர் வீட்டுப் பல்லி. அச்சு அசலாக அதேதான். ஆசியாவிலிருந்து கப்பலிலும் சரக்கிலும் ஒட்டிக்கொண்டு போய் மத்திய அமெரிக்கா முழுக்க விளக்கடிச் சுவர்களைப் பிடித்துவிட்ட ஆள். அங்கிருந்து ஐம்பதடி தூரத்தில், இருட்டில், கட்டைக்கு அடியில் மற்றவள்.

"எந்தப் பக்கம் சொல்லுச்சு?" என்றாள் அக்கா.

அத்தான் போனில் திசைகாட்டியைத் திறந்து தேடிக்கொண்டிருந்தார்.